ஆளுயரப் புல்லும் கட்டர் பார் மிஷினும்

காங்கேயம் வட்டாரத்தில் ஆண்டு முழுக்கப் பெய்வதே அறுநூறு மில்லிமீட்டருக்கு அக்கம்பக்கம்தான். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும். அந்த ஈரத்தில் எழுகிற புல்தான் அடுத்த கோடை வரைக்கும் மாட்டுக்குத் தீனி. மேய்ச்சல் நிலமான கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல் இடுப்பைத் தொடும். தென்னந்தோப்பில் சொட்டுநீர் விழுகிற பக்கமெல்லாம் கினியாப் புல் ஆளையே மறைக்கும். கூடவே துத்தி, நாயுருவி, ஆவாரை, பார்த்தீனியம் என்று கலந்துகட்டி வளரும். மார்கழி பிறந்ததும் இதை என்ன செய்வது என்ற கேள்வி ஒவ்வொரு தோட்டத்திலும் வந்துவிடுகிறது. ஒருவர் பிரஷ் கட்டரால் அடித்துத் தூளாக்குகிறார். இன்னொருவர் களைக்கொல்லி அடிக்கிறார். மற்றொருவர் ரொட்டவேட்டர் விட்டு மண்ணோடு கலக்கிவிடுகிறார். நான் சில ஆண்டுகளாகப் பின்னால் நடந்து ஓட்டுகிற கட்டர் பார் மிஷினால் அறுத்து எடுத்துவருகிறேன். நின்ற புல்லைக் குப்பையாகப் பார்க்காமல் விளைச்சலாகப் பார்க்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை என்பது என் முடிவு. இதில் கற்றுக்கொண்டதை, வாங்க நினைக்கிறவர்களுக்கும் வாங்கிவிட்டுத் திணறுகிறவர்களுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

மிஷினின் அமைப்பு எளிது. இரண்டு சக்கரம், மேலே ஐந்தாறு குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின், முன்னால் மூன்றரை அல்லது நான்கு அடி அகலத்துக்கு ஒரு இரும்புப் பட்டை. பட்டையில் விரல்கள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புகள் வரிசையாக இருக்கும். பெரும்பாலான மிஷின்களில் விரலுக்கு விரல் மூன்று அங்குல இடைவெளி, அதாவது 76 மில்லிமீட்டர். அந்த விரல்களுக்கு ஊடே நீளமான கத்தி ஒன்று இடமும் வலமுமாக ஓடும். கத்தியில் முக்கோணப் பிளேடுகள் ரிவெட் அடித்து உட்கார்ந்திருக்கும். விரல் புல்லைப் பிடித்துக்கொடுக்க, பிளேடு வந்து அறுக்கும். கத்தரிக்கோல் செய்கிற அதே வேலை, நிமிடத்துக்குப் பல நூறு தடவை.

இந்த ஏற்பாடு புதிதே இல்லை. அமெரிக்காவில் ஓபெட் ஹஸ்ஸி 1833-லும் சைரஸ் மெக்கார்மிக் 1834-லும் குதிரை இழுக்கும் அறுவடை இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார்கள். இரண்டிலும் அறுத்தது இப்படி முன்னும் பின்னும் ஓடுகிற கத்திதான். நடந்து ஓட்டுகிற அளவுக்கு அதைச் சிறிதாக்கி, மோட்டார் வைத்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் இத்தாலியின் லூயிஜி காஸ்தோல்டி. மிலான் அருகே அப்பியாதெகிராஸோவில் அவர் 1943-இல் தொடங்கிய பிசிஎஸ் நிறுவனம் இன்றும் இதைச் செய்கிறது. இத்தனை காலமாக அடிப்படை மாறாததால் நமக்கு ஒரு வசதி உண்டு. கத்தியைக் கழற்றிக் கொண்டுபோனால், விவசாயக் கருவிகளோடு பழகிய எந்தப் பட்டறைக்காரருக்கும் பார்த்தவுடனே விளங்கிவிடும்.

பிரஷ் கட்டருக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு தாளை எடுத்துப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். பிரஷ் கட்டரின் தகடு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றி, தாளை அடித்து முறிக்கிறது. முறிந்த முனை நார்நாராகக் கிழிந்து, மண்ணும் தூசியும் அப்பிக்கொண்டு நிற்கும். தாளும் இரண்டு மூன்று துண்டாகிச் சிதறிக் கிடக்கும். கட்டர் பாரில் அறுத்த தாள் அடியில் ஒரே ஒரு வெட்டு வாங்கியிருக்கும். வெட்டிய இடம் வழவழப்பாக இருக்கும், கதிரும் இலையும் கலையாமல் அப்படியே ஒரே பக்கமாகச் சாயும். நுனி ஒரு திசை, அடி ஒரு திசை என்று படுத்திருப்பதால் கையால் வாரிக் கட்டுக்கட்டுவது சுலபம். பக்கத்துத் தோட்டத்தில் நான்கு மாடு வைத்திருக்கும் அக்கா முதல் கட்டைத் தூக்கிக்கொண்டு போனவர், மறுநாள் வேலி ஓரம் நின்று சொன்னார்: “ஏந்தம்பி, அருவாள்ல அறுத்த மாதிரியே இருக்குது. மாடு ஒரு தட்டுகூடத் தள்ளல, அத்தனையும் தின்னுபோட்டுது. நாளைக்கும் அறுக்கறயா?” மிஷின் வாங்கியது சரிதான் என்று எனக்குப் பட்டது அன்றைக்குத்தான்.

கல் தெறிக்காது என்பதும் பெரிய விஷயம். தடம் ஓரம் பிரஷ் கட்டர் ஓட்டும்போது போகிற வருகிற வண்டி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், கட்டியிருக்கும் கன்று எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டும். கட்டர் பாரில் கல் மாட்டினால் கத்தி நின்றுபோகும், மிஞ்சினால் ஒரு பிளேடு உடையும். சேதம் மிஷினோடு முடிந்துவிடும்.

ஆனால் அந்தச் சேதத்தைத் தவிர்க்க, அறுப்பதற்கு முன்னால் காட்டை நடந்து பார்த்தே ஆக வேண்டும். இதில் சோம்பல் கூடாது. ஆளுயரப் புல்லுக்குள் என்ன கிடக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. தென்னந்தோப்பில் என்றால் காய்ந்த மட்டை, பாளை, பொறுக்காமல் விட்ட காய். மட்டையின் அடித்தண்டு பட்டையில் குறுக்கே மாட்டிக்கொண்டால் விரல் வளைந்துவிடும். பன்னாடை அதைவிட மோசம். அதன் நார் பிளேடுக்கும் விரலுக்கும் நடுவில் திணிந்துகொண்டால் கழற்றித்தான் எடுக்க வேண்டும். வேலியோரம் முள்கம்பித் துண்டு, பிளாஸ்டிக் கயிறு, யாரோ எறிந்த பழைய சேலை. நீளக் கம்பு ஒன்றை வைத்துக்கொண்டு புல்லை விலக்கி விலக்கி நடந்து, கிடப்பதை எடுத்துப் போட்டுவிட வேண்டும். எடுக்க முடியாத கல்லுக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி கட்டிய குச்சி நட்டுவிட வேண்டும். குச்சி புல்லைவிட உயரமாக இருக்கட்டும்.

சொட்டுநீர்க் குழாய் இருக்கிற தோப்பில் இதுவே தலையாய வேலை. பதினாறு மில்லிமீட்டர் பக்கக் குழாயை கட்டர் பார் தயக்கமே இல்லாமல் அறுத்துப் போட்டுவிடும், சத்தத்தில் வித்தியாசம்கூடத் தெரியாது. மறுநாள் தண்ணீர் விட்டு, எங்கோ ஓரிடத்தில் சேறானதைப் பார்த்த பிறகுதான் கண்டுபிடிக்க முடியும். வரிசையை ஒட்டி ஓடுகிற குழாயைச் சுருட்டி மரத்தில் மாட்டிவிட்டு, மரத்தைச் சுற்றிய வளையத்துக்கு வெளியே மூன்றடி தள்ளியே மிஷினைத் திருப்பிவிடலாம். மரத்தடியில் மிச்சமிருப்பதை அரிவாளால் எடுப்பதுதான் பாதுகாப்பு.

நடந்து பார்ப்பதற்கு இன்னொரு காரணம், புல்லுக்குள் குடியிருக்கும் உயிர்கள். எங்கள் காட்டில் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உண்டு. சுருட்டை சின்னது. கல்லடியிலும் புல்தூர் அடியிலும் படுத்திருந்தால் கண்ணுக்கே தெரியாது. முட்டி வரை வரும் ரப்பர் பூட்ஸ், தடித்த பேண்ட், கையில் கம்பு இல்லாமல் ஆளுயரப் புல்லில் காலை வைக்கக் கூடாது. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடித்த காலை அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். கௌதாரியும் மயிலும் தரையில்தான் முட்டையிடும். மயில் பயிரை அழிக்கிறது என்ற கோபம் நம் பக்கத்து விவசாயிகள் எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. ஆனாலும் முட்டை கிடந்தால் சுற்றிலும் இரண்டு மூன்று பாகம் புல்லை விட்டுவிட்டு ஓட்டுகிறேன். மயில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருப்பது ஒருபக்கம் இருக்கட்டும், அடைகாக்கிற பறவையின் மேல் கத்தியை ஓட்ட மனசு வராது. ஓட்டுகிற விதத்திலும் ஒரு வழி இருக்கிறது. ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிப் போனால் எல்லா உயிரும் நடுவில் போய் அடைபடும். ஒரு பக்கத்தில் தொடங்கி வேலிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனால் அவை வெளியேற வழி கிடைக்கும். மிஷின் நடையின் வேகத்தில் போவதால் பெரும்பாலும் தப்பித்துவிடுகின்றன.

எப்போது அறுப்பது என்பதற்குப் புல்தான் நாள் சொல்லும். கொழுக்கட்டை பூட்டை எடுத்து, பூ வருகிற சமயத்தில் அறுத்தால் தாளும் இலையும் சத்தோடு இருக்கும். பொங்கல் வரைக்கும் விட்டுவிட்டால் தாள் முற்றிக் குச்சியாகிவிடும், அளவு கூடும் சத்து இறங்கும். ஊசிப்புல் இருக்கிற காட்டில் தள்ளிப்போடவே கூடாது. அதன் விதை முற்றினால் ஆட்டின் உரோமத்திலும் தோலிலும் ஏறிக்கொள்ளும், மாட்டின் வாயைக் குத்தும். ஊசி கறுப்பதற்கு முன்னால் அறுத்துவிட்டால் அதுவும் தீனிதான். கொரங்காடு முழுவதையும் நான் அறுப்பதில்லை. கிளுவை வேலியால் பிரித்த பட்டிகளில் மாடும் ஆடும் முறைவைத்து மேய்கின்றன. மேய்ந்து தீராமல் மிஞ்சுகிற பட்டியில் மட்டும் மிஷினை இறக்குகிறேன். கொழுக்கட்டை உதிர்க்கிற விதை அடுத்த ஆண்டுக்கு வேண்டும் என்பதால், ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு மூலையைத் தொடாமல் விட்டுவிடுவது வழக்கம்.

நேரம் என்று பார்த்தால், பனி உலர்ந்த பிறகு. வெயில் ஏறி ஒன்பது மணி ஆனால் சரியாக இருக்கும். தாள் ஈரமாக இருந்தாலும் கத்தி அறுக்கும், ஆனால் அறுத்த புல் பட்டையின் மேலேயே ஒட்டி நிற்கும், பின்னால் நழுவாது. அது குவிந்தால் அடுத்து வருகிற புல்லை உள்ளே விடாது. காலையில் அறுத்தது மாலைக்குள் பாதி வாடிவிட்டால் வாருவதும் எளிது.

இனி ஓட்டும் முறை. ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில், நான்கடிப் பட்டையை வைத்து நிற்காமல் ஓட்டினால் மணிக்கு மூவாயிரம் சதுர மீட்டர் அறுக்கலாம் என்று கணக்கு வரும். அதாவது முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. காட்டில் திருப்பம், அடைப்பு, மரம், ஓய்வு எல்லாம் சேர்ந்து அரை ஏக்கர் முடிந்தால் நல்ல வேலை. விற்கிறவர் சொல்கிற அளவை நம்பி ஆளுக்கும் வண்டிக்கும் ஏற்பாடு செய்துவிட வேண்டாம். இன்ஜின் வேகத்தையும் நடை வேகத்தையும் தனித்தனியாக நினைக்கப் பழக வேண்டும். புல் அடர்த்தியாக இருந்தால் இன்ஜினை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு நடையைக் குறைக்க வேண்டும், கியரை இறக்க வேண்டும். திராட்டிலைக் குறைத்தால் கத்தியும் மெதுவாகும், புல் அறுபடாமல் மடங்கி உள்ளே திணியும்.

சாய்ந்த புல் தனிக் கலை. காற்றுக்கும் மழைக்கும் ஒரு பக்கமாகப் படுத்துவிட்ட கினியாப் புல்லில், அது சாய்ந்திருக்கும் திசையிலேயே ஓட்டினால் பட்டை மேலே வழுக்கிக்கொண்டு போகும். நுனி அறுபடும், அடி நிற்கும். எதிர்ப்பக்கமிருந்தோ குறுக்கேயிருந்தோ ஓட்டினால் விரல்கள் தாளுக்கு அடியில் நுழைந்து தூக்கிக்கொடுக்கும். காடு முழுக்க ஒரே திசையில் சாய்ந்திருந்தால் ஒருவழியாக மட்டும் அறுத்து, திரும்பி வரும்போது பட்டையை ஓடவிடாமல் வெறுமனே நடத்திக் கொண்டுவர வேண்டியிருக்கும். நேரம் கூடத்தான் ஆகும். ஆனால் பாதி அறுத்து மிதிபட்ட புல்லை மறுபடி அறுப்பது எந்த மிஷினாலும் முடியாத வேலை.

அறுத்த புல்லின் மேல் சக்கரம் ஏறாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். பல மிஷின்களில் பட்டையின் ஒரு முனையில் சாய்வாக ஒரு தகடு வரும், அறுபட்ட புல்லை உள்பக்கமாக ஒதுக்கி, அடுத்த சாலுக்குச் சுத்தமான வழி விடுவதற்காக. அதைத் தேவையில்லாத பாகம் என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் பட்டையின் முனை அறுத்த புல்லில் குத்தி அடைக்கும்.

உயரத்தைப் பொறுத்தவரை மூன்று, நான்கு அங்குலம் விட்டு அறுக்கிறேன். பட்டையின் இரு முனையிலும் தரையில் சறுக்கிப்போகும் தகடுகள் உண்டு, அவற்றின் போல்ட்டைத் தளர்த்தி உயரத்தை மாற்றலாம். கொழுக்கட்டை தூர் கட்டி வளர்கிற புல். தூரின் அடி சிறு மேடாக இருக்கும். ஒட்ட அறுத்தால் கத்தி மண்ணைக் கடித்து அரை மணி நேரத்தில் கூர் போய்விடும், தூரும் வெயிலில் காய்ந்து அடுத்த தழைவு குறையும். வரப்பு ஓரத்தில் சக்கரத்தைச் சமதரையில் வைத்துக்கொண்டு பட்டையின் முனையை மட்டும் வரப்புக்கு மேல் நீட்டி அறுக்க முடியும். இந்த வசதி ரொட்டவேட்டருக்கு இல்லை. சரிவில் குறுக்கே ஓட்டும்போது மிஷின் மெல்லக் கீழே நழுவும். நமக்குப் பழகிய கை மேல்பக்கம் இருக்கும்படி திசையைத் தேர்ந்துகொண்டால் பிடிக்க எளிது.

அடைப்பு வராத நாளே கிடையாது. அதை எடுக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். இன்ஜின் ஓடும்போது கை வைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். நிறுத்திய பிறகும் கை வைக்கக் கூடாது என்பது பலருக்குத் தெரியாது. இறுகிப்போன கத்தி, அடைப்பை எடுத்த கணத்தில் சட்டென்று நகரும். மூன்று அங்குல ஓட்டம், அதற்குள் ஒரு விரல் போதும். இன்ஜினை நிறுத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்று, மிஷினைப் பின்னால் இழுத்துப் பட்டையைப் புல்லிலிருந்து வெளியே கொண்டுவா, பிறகு ஒரு குச்சியால் அடைப்பைத் தள்ளு. எவ்வளவு அவசரமானாலும் இந்த வரிசை மாறக் கூடாது. கைப்பிடியில் பிடியை விட்டால் கத்தி நின்றுவிடும்படி ஒரு லீவர் இருக்கும். கை வலிக்கிறது என்று அதைக் கயிறு போட்டுக் கட்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஓட்டுகிறவர் பக்கத்தில் நான் நிற்க மாட்டேன், யாரையும் நிற்க விடவும் மாட்டேன். கை உண்மையாகவே வலிக்கும், மறுக்கவில்லை. முன்னும் பின்னும் ஓடுகிற கத்தியின் அதிர்வு மணிக்கட்டு வரை ஏறும். தடித்த கையுறை போட்டு, அவ்வப்போது நிறுத்தி இளைப்பாறி ஓட்டுவதுதான் அதற்கு வழி.

எல்லாவற்றையும்விட முக்கியம் கத்திப் பராமரிப்பு. இந்த மிஷின் சரியில்லை, புல்லை மடக்குகிறது, அடைக்கிறது என்று சொல்கிறவர்களின் பட்டையைக் குனிந்து பார்த்தால் பத்தில் எட்டுக்குக் குறை கத்தியில்தான் இருக்கும். இன்ஜினில் இருக்காது.

முதலில் பிளேடின் இருக்கை. பிளேடு விரலுக்குள் இருக்கும் அடித்தகட்டின் மேல் படிந்து ஓட வேண்டும். மேலேயிருந்து அதை அமுக்கிப் பிடிக்கச் சிறு தகடுகள் இருக்கும். நாளடைவில் அவை தேய்ந்து, பிளேடு எழும்பிவிடும். எழும்பிய பிளேடு எவ்வளவு கூராக இருந்தாலும் மெல்லிய புல்லை அறுக்காது. புல் இடுக்கில் மடிந்து உள்ளே போய்விடும். தடித்த காகிதம் ஒன்று நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி இருக்கும்படி அமுக்கித் தகட்டைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிச் சரிசெய்ய வேண்டும். கூடுதலாகத் தட்டிவிட்டால் கத்தி இறுகும், சூடாகும். தட்டியபின் கத்தியைக் கையுறை போட்ட கையால் பிடித்து இழுத்துப் பார்த்தால் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அடுத்தது கத்தியின் நிலை. ஓட்டத்தின் இரு கோடியிலும் ஒவ்வொரு பிளேடின் நடுவும் ஒரு விரலின் நடுவில் வந்து நிற்க வேண்டும். கொஞ்சம் தள்ளி நின்றால் ஒரு பக்கம் அறுக்கும், மறுபக்கம் அறுக்காது. அறுத்த தரையில் கோடுகோடாகப் புல் நிற்பதைப் பார்த்தால் முதலில் இதைச் சோதிக்க வேண்டும், அடுத்து எந்த விரலாவது வளைந்திருக்கிறதா என்று பட்டையின் ஒரு முனையில் கண்ணை வைத்து நேராகப் பார்க்க வேண்டும்.

கூர் தீட்டும்போது பிளேடில் ஏற்கெனவே இருக்கும் சாய்வை மாற்றக் கூடாது. ஆங்கிள் கிரைண்டரில் உப்புத்தாள் மடிப்பு வைத்த டிஸ்க் போட்டு, அழுத்தாமல், ஓரிடத்தில் நிற்காமல் இழுத்துக்கொண்டே போனால் போதும். இரும்பு நீலம் பாரித்தால் அதன் பதம் போய்விட்டது என்று பொருள். அந்தப் பிளேடு அப்புறம் ஒரு மணி நேரம்கூடக் கூர் தாங்காது. பிளேடில் இரண்டு வகை வரும்: வழவழப்பான விளிம்பு, பல்வைத்த விளிம்பு. மெல்லிய புல்லுக்கு முதலாவது, சோளத்தட்டு, கினியா மாதிரித் தடித்த தாளுக்கு இரண்டாவது. பல் மேல்பக்கம் இருந்தால் தீட்டாமல் மாற்றிவிடுவதே மேல். பல் கீழ்ப்பக்கம் இருந்தால் மேலே மட்டும் தீட்டலாம்.

உடைந்த பிளேடை மாற்றுவது பலருக்குப் பெரிய வேலையாகத் தோன்றும். அப்படியில்லை. கத்தியை வெளியே இழுத்து, பிளேடின் பின்விளிம்பு மேலே பார்க்கும்படி வைஸில் பிடித்து, அந்த விளிம்பில் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி அடித்தால் ரிவெட் அறுந்து பிளேடு கழன்றுவிடும். மிச்சத் துணுக்கைப் பஞ்ச் கருவியால் தட்டி வெளியேற்றிவிட்டு, புதுப் பிளேடை வைத்து, புது ரிவெட்டின் தலையை அடியில் தாங்கிக்கொண்டு மேலே தட்டி விரிக்க வேண்டும். எங்கள் சந்தைப் பக்கத்துக் கொல்லுப்பட்டறைப் பெரியவர் இதைக் காட்டிக்கொடுத்தபோது, “ரிவெட்டு ஆடுச்சுன்னா பிளேடு ஆடும், பிளேடு ஆடுச்சுன்னா பட்டையே போச்சுங்க தம்பி” என்றார். அதனால் ஒவ்வொரு நாளும் அறுப்பு முடிந்தபின் பிளேடுகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்கிறேன். புல்சாறு காய்ந்து பிசினாகப் பிடித்திருக்கும். தண்ணீர் விட்டுத் தேய்த்து, உலர்த்தி, எண்ணெய் தடவி வைத்தால் மறுநாள் கத்தி லேசாக ஓடும்.

எல்லாக் களைக்கும் இது ஆகாது. கோரை கிழங்கிலிருந்து வருவது, அறுத்தால் மறுவாரம் நிற்கும். பென்சில் பருமனுக்கு மேல் மரம் ஏறிய ஆவாரை, சீமைக் கருவேலங்கன்று, உன்னிச்செடி எல்லாவற்றுக்கும் அரிவாளோ தகடு போட்ட பிரஷ் கட்டரோதான் சரி. பார்த்தீனியம்தான் அதிகம் ஏமாற்றுவது. அறுத்தவுடன் காடு சுத்தமானது போலத் தெரியும். அடித்தூரிலிருந்து பக்கக் கிளை வெடித்து, குட்டையாகவே பூத்துவிடும். ஒரு செடி பத்தாயிரம் விதைக்கு மேல் உதிர்க்கக்கூடியது. மழை ஈரம் இருக்கும்போதே, பூப்பதற்கு முன், கையுறை போட்டு வேரோடு பிடுங்குவதுதான் வழி. பூத்த பார்த்தீனியத்தில் மிஷினை விட்டால் மகரந்தம் கிளம்பி மூச்சுத்திணறலும் தோல் அரிப்பும் வரும். மாட்டுக்கு அறுக்கிற புல்லில் அது கலக்கவே கூடாது. பாலில் கசப்பு ஏறும்.

அறுத்த புல்லைத் தீனிக்கு என்றால் ஒருநாள் கிடந்த இடத்திலேயே காயவிட்டு, புரட்டி, மறுநாள் மாலை வாரிக் கட்டுகிறோம். ஒரு பிடி தாளை முறுக்கினால் கையில் ஈரம் தெரியக் கூடாது. ஈரத்தோடு போர் போட்டால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். நெருக்கி விதைத்த சோளத்தட்டையும் இதே மிஷினால் அறுக்கிறேன். அதில் ஒரு எச்சரிக்கை உண்டு. இளஞ்சோளத்திலும் வறட்சியில் வாடிய சோளத்திலும் சயனைடு நஞ்சு இருக்கும், மாடு தின்றால் அன்றைக்கே சாகக்கூடும். பூத்த பிறகே அறுக்க வேண்டும். தீனிக்கு ஆகாத முற்றல் புல்லையும், விதை கட்டாத களையையும் தென்னைப் பாத்தியில் அரையடி கனத்துக்குப் பரப்பிவிடுகிறேன். முழு நீளத் தாளாகக் கிடப்பதால் தூளைப்போல ஒரே மாதத்தில் மக்கிப்போகாது. கோடையில் மண்ணை மூடி வைத்திருக்கும்.

இன்ஜினைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டாம். புது இன்ஜினுக்கு முதல் 20 மணி நேரத்தில் ஆயில் மாற்றம், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை. புல்தூசி அதிகம் என்பதால் ஏர் ஃபில்டரை அறுப்பு நாளிலெல்லாம் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். சீசன் முடிந்து நிறுத்தும்போது டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிட வேண்டும், எத்தனால் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் கிடந்தால் ஈரம் சேர்த்துக்கொள்ளும்.

வாங்கப் போகிறவர்கள் கண்காட்சியில் சிமெண்ட் தரையில் ஓட்டிக் காட்டுவதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். உங்கள் காட்டுக்கே கொண்டுவரச் சொல்லி, உங்கள் புல்லில், சாய்ந்து பின்னிக் கிடக்கிற மூலையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பட்டை பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். மேடுபள்ளக் காட்டில் மூன்றரை அடிப் பட்டை, ஐந்தடிப் பட்டையைவிட ஒழுங்காக அறுக்கும். மானியம் உண்டா என்பதை உழவன் செயலியிலோ வட்டார வேளாண் பொறியியல் துறை அலுவலகத்திலோ பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், வாங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது. பில் போடும்போதே கூடுதலாக ஒரு முழுக் கத்தி, பத்துப் பிளேடு, ஒரு பொட்டலம் ரிவெட், நான்கு விரல் வாங்கிவிடுங்கள். நடு அறுப்பில் கத்தி உடைந்து, கூரியரில் வர ஒரு வாரம் ஆகும் என்று சொன்னால், அந்த ஒரு வாரத்தில் கொழுக்கட்டை முற்றிப்போயிருக்கும்.